மனநல வார்டில் நோயாளியைக் கட்டிப்போடலாமா?

கட்டவே கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்லவில்லை. சங்கிலிக்குத்தான் முழுத் தடை; எந்த வடிவிலும் கூடாது என்கிறது 95ஆம் பிரிவு. 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகியதை நாம் மறந்திருக்க மாட்டோம். தனியறையில் அடைத்து வைப்பதும் கூடாது. துணியாலோ பெல்ட்டாலோ கட்டுவதற்கு மட்டும் 97ஆம் பிரிவு நிபந்தனையோடு இடம் கொடுக்கிறது. 2018 மே 29 முதல் அமலில் உள்ள இந்தச் சட்டம் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்குமே பொருந்தும்.

அந்த நிபந்தனைகள் இவை. நோயாளிக்கோ அடுத்தவருக்கோ அந்த நேரத்திலேயே ஆபத்து இருக்க வேண்டும். அதைத் தடுக்க வேறு வழியே இருக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். தண்டனையாகவோ பயமுறுத்தவோ கட்டக் கூடாது. "ஆள் பத்தலை சார்" என்பதும் காரணமாகாது. சட்டமே அப்படி எழுதியிருக்கிறது. நைட் டியூட்டியில் ஒரு நர்ஸ் வார்டு முழுவதையும் பார்க்கும் இடங்களில் இந்த வரிதான் அதிகம் மீறப்படும் என்பது என் எண்ணம்.

கட்டுவதற்கு முன் நர்ஸ் பார்க்க வேண்டியவை பல. இவர் ஏன் கத்துகிறார்? சர்க்கரை குறைந்திருக்கலாம், காய்ச்சல் இருக்கலாம், சிறுநீர் அடைத்திருக்கலாம். குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஆனவருக்குக் கை நடுங்கி, இல்லாத பூச்சிகள் தெரியலாம். அவருக்கு வேண்டியது உடனடி வைத்தியம். காதில் குரல் கேட்கிறதா, அது என்ன செய்யச் சொல்கிறது என்று நேராகவே கேட்கலாம். இப்படி விசாரித்தால் நோய் கூடிவிடாது.

கட்டிய பிறகு கண்காணிப்பு விடாமல் தொடர வேண்டும். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைகிறதா, நகம் நீலம் பாய்ந்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, தண்ணீர் கொடுத்தார்களா, கழிவறைக்கு அழைத்துப் போனார்களா என்று பார்த்து எழுதுவார்கள். "முரண்டு பிடித்தார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் போதாது. "இரவு 11.20க்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் கழுத்தைப் பிடித்தார், பேசிப் பார்த்தும் விடவில்லை" என்றிருந்தால்தான் அது பதிவு. கட்டிய முறை, காரணம், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் உடனே குறிப்பில் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை இவை எல்லாம் நோயாளிகளின் உரிமை பற்றிய புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கையாகப் போக வேண்டும்.

சரி, குடும்பத்துக்கு என்ன உரிமை? ஒவ்வொரு முறை கட்டும்போதும் 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது நோயாளி சார்பில் முடிவெடுக்க உதவுபவருக்கு, தகவல் சொல்லியாக வேண்டும். 18 வயது நிறைந்த, பொறுப்பேற்கத் தகுதியும் சம்மதமும் உள்ள யாரையும் நோயாளி தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தகவல் வரவில்லை, காரணம் இல்லாமல் கட்டினார்கள் என்றால் முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். பதிலில் திருப்தி இல்லையென்றால் வாரியத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. நோயாளிக்கு இலவச சட்ட உதவி கேட்கவும் இதே சட்டத்தின் 27ஆம் பிரிவில் வழி இருக்கிறது.