கொம்பை எண்ணி ரவுட்டர் வாங்காதீர்கள்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. "தம்பி, நாலு வருசத்துல இது மூணாவது ரவுட்டர் டப்பா. சாயங்காலம் ஏழு மணி ஆனா தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றார். டப்பாவில் குறையில்லை, ஃபைபரிலும் சிக்னல் சரியாகவே இருந்தது. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு அடாப்டரை உருவி எடுத்தேன். தொட முடியாத சூடு. மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டியது. சுமை ஏற்றாமல் காட்டும் எண், அதை நம்பக் கூடாது. என் பையில் எப்போதும் ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பு கிடக்கும், 10 வாட். அதை மாட்டியதும் மீட்டர் 8 வோல்ட்டுக்கு இறங்கித் தள்ளாடியது.

நடந்தது இதுதான். முதல் ரவுட்டரோடு வந்த அடாப்டர், ஸ்டாண்டுக்குப் பின்னால் மாட்டியபடியே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை டப்பா மாறியபோதும், வந்தவர் குனிய சோம்பல்பட்டு அதே வயரைப் புதுசில் செருகிவிட்டார். பின் அளவு ஒன்றுதான், பொருந்திக்கொண்டது. மூன்றாவது டப்பா கேட்பது ஒன்றரை ஆம்ப், பழைய அடாப்டர் தருவது ஒரு ஆம்ப். பகலில் சார் ஒருவரின் போன் மட்டும் இருக்கும்வரை சமாளித்தது. ஏழு மணிக்குப் பேரப்பிள்ளைகள் நாலு திரையைத் திறந்ததும் மூச்சு வாங்கியது. அடாப்டரைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிச் சீராக விடும் கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. புது அடாப்டர்கள் இரண்டு, பெட்டி பிரிக்காமல் பரணில் கிடந்தன.

பதினைந்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். "ரவுட்டர் போயிடுச்சு" என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது அடாப்டரைத்தான். புதுசு வாங்கும்போதும் அப்படியே. அதன் மேல் வோல்ட், ஆம்ப் தெளிவாக அச்சிட்டிருக்கிறதா, பிஐஎஸ் என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா, உத்தரவாத அட்டையில் அடாப்டருக்கு எத்தனை காலம் என்று பாருங்கள். பின்னாளில் மாற்ற நேர்ந்தால் வோல்ட் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். ஆம்ப் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

அப்புறம் சூடு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. சித்திரை வெயிலில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸின் தலையில் ரவுட்டரை உட்கார வைத்தால் எந்தக் கம்பெனி டப்பாவும் தாங்காது. அடியிலும் பக்கவாட்டிலும் காற்றுத் துளை தாராளமாக உள்ளதாக வாங்கி, சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டுங்கள். அந்த இளஞ்சூட்டைத் தேடி எறும்பு வரும், பல்லி முட்டையிடும். ஒரு டப்பாவைத் திறந்தபோது ஏழு முட்டை எண்ணினேன். வருடம் ஒருமுறை தட்டித் துடைத்தால் போதும்.

மின்வெட்டு நம் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் கணம்தான் மோசம். 12 வோல்ட் மின்சாரத்தை நேராகத் தரும் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் நெட்டும் நிற்காது, டப்பாவும் பிழைக்கும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் இடியை உள்ளே கொண்டு வராது. ஆனால் மொட்டைமாடி கேமராவிலிருந்து வரும் லேன் வயர் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் நான் பார்க்கும் கருகிய போர்ட்டுகளில் பாதி அப்படி வந்தவை. இடி இடித்தால் அந்த வயரைக் கழற்றிவிடுங்கள்.

சரி, கடைக்குப் போனால்? கடைக்காரர் ஆன்டெனாவைக் காட்டுவார். ஆறு கொம்பு முளைத்திருந்தால் சிக்னல் அள்ளும் என்பார். கொம்பின் எண்ணிக்கைக்கும் உங்கள் பின்கட்டு அறைக்குச் சிக்னல் போவதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. பெட்டியில் ஏசி1200 என்று இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 867 என இரண்டையும் கூட்டி, மேலே தள்ளி எழுதிய எண் அது. அதே டப்பாவின் பின்புற போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே விடுவதாக இருக்கலாம். ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்து அரை இஞ்ச் குழாயில் நீர் ஏற்றுவது போல. நீங்கள் 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் 95-ஐத் தாண்டாது. எல்லா போர்ட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தானா என்று கேளுங்கள். வைஃபையின் தலைமுறை எண்ணில் 6 போதும். வைஃபை 7-க்குக் கூடுதல் பணம் கொடுக்க சாதாரண வீட்டுக்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஃபைபர் வயரை சாதாரண ரவுட்டரில் நேராகச் செருக முடியாது. ஃபைபரில் வரும் ஒளியை நெட் சிக்னலாக மாற்ற, கம்பெனி கொடுத்த ஓஎன்டி டப்பா இருக்கத்தான் வேண்டும். உங்கள் ரவுட்டர் அதன் பின்னால் வரும். வாங்கும் முன் உங்கள் நெட் ஆபரேட்டரிடம் பிரிட்ஜ் மோட் (ஓஎன்டி சிக்னலை மட்டும் கடத்திவிட்டு, மற்ற வேலையை உங்கள் ரவுட்டரிடம் விடுவது) போட்டுத் தருவாரா என்று கேட்டு, இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த மாடலுக்கு எந்த வருடம் வரை மென்பொருள் அப்டேட் வரும்? விளக்கு எரிகிறது, நெட் வருகிறது, அதனால் டப்பா நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அப்டேட் நின்றுபோன டப்பாவில் ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லை.

இதற்கு நான் செய்யும் குறுக்குவழி: பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை என்பதை உற்பத்தியாளர் அறிவித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் கம்பெனியின் பிரிட்டன் இணையதளத்தில் அதே மாடலைத் தேடிப் பார்ப்பேன். கூடவே டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் வி1-இல் ஒரு சிப், வி4-இல் வேறு சிப் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். ஓபன்டபிள்யுஆர்டி என்ற, ரவுட்டருக்கான இலவச மென்பொருளைப் போடத் தெரிந்தவர்கள் 16 எம்பி ஃப்ளாஷ் சேமிப்பு, 128 எம்பி ராம் நினைவகத்துக்குக் குறையாமல் வாங்கினால் கம்பெனி கைவிட்ட பிறகும் சில வருடம் ஓட்டலாம்.

ஆசிரியர் வீட்டுக்கு வருகிறேன். மூன்றாவது டப்பாவுக்கு அதன் சொந்த அடாப்டரை மாட்டினேன், அடங்கியது. "செத்துப்போன" மற்ற இரண்டையும் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, நல்ல அடாப்டர் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் எழுந்தன. சாருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டாவதை மாடியில் லேன் இழுத்து வைஃபைக்கு வைத்துவிட்டேன். முதலாவதற்குக் கடைசி அப்டேட் 2017-இல் வந்திருந்தது. "நல்லாத்தானே எரியுது தம்பி?" என்றார். அதை நானே வாங்கிக்கொண்டு மின்கழிவுக்குப் போட்டேன்.