காதுக்குச் சோதனை முதல் பத்து மீட்டரில்தான்

டைவிங் பழக வருகிறவர்கள் ஆழத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். காதுக்கோ மிகச் சிரமமான பகுதி நீர்மட்டத்தை ஒட்டிய முதல் 10 மீட்டர். அந்தத் தூரத்தில் அழுத்தம் ஒரு வளிமண்டலத்திலிருந்து இரண்டாகிறது. காதுக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்குகிறது. 20 மீட்டரிலிருந்து 30க்கு இறங்கும்போது அது சுருங்குவது கால் பங்குதான்.

செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவி, காற்று நிறைந்த எலும்புக் குழி. அதற்குள் காற்று போய்வர ஒரே வழி, மூக்கின் பின்பக்கம் திறக்கும் யூஸ்டேசியன் குழாய். சாதாரணமாக அது மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறக்கும். இறங்கும்போது திறக்காவிட்டால் தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளும், நடுச்செவியின் உட்சவ்வு வீங்கி ரத்தம் கசியும். மேலும் இறங்கினால் பறை கிழியலாம். அப்போது குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து தலை சுற்றும். மேலே எது, கீழே எது என்று தெரியாது.

காதுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியழுத்தத்தோடு சமன் செய்யாமல் ஒன்றிரண்டு மீட்டர் இறங்கினாலே குழாயின் வாய் அழுத்தத்தில் இறுகிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு விழுங்கினாலும் திறக்காது. அதனால் வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. நீர்மட்டத்திலேயே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறையாவது காதைச் சமன் செய்துகொண்டே, கால் கீழாக மெதுவாக இறங்க வேண்டும். தலைகீழாக இறங்கினால் ரத்தம் தேங்கிக் குழாயைச் சுற்றிய திசு வீங்கும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவது எல்லோரும் முதலில் கற்கும் முறை. இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704இல் இதை விவரித்தது டைவிங்குக்காக அல்ல, காதிலிருந்து சீழை வெளியேற்ற. மென்மையாகச் செய்தால் நல்ல முறைதான். முக்கி ஊதுவதுதான் ஆபத்து: தலைக்குள் ஏறும் அழுத்தம் உட்செவித் திரவத்துக்கும் பரவி, வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வைக் கிழித்துவிடலாம். மூக்கைப் பிடித்தபடி விழுங்குவதும், நாக்கின் பின்பகுதியால் காற்றைத் தள்ளும் பிரென்சல் முறையும் இதைவிட மென்மையானவை. காது திறக்கவில்லையா? ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்போதும் முடியாவிட்டால் அன்றைய டைவை விட்டுவிடுங்கள்.

சளி பிடித்திருக்கும்போது மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. தண்ணீருக்கடியில் மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். சிலிண்டரில் காற்று தீர்வதற்குள் மேலே வந்தாக வேண்டும் என்பதால், இறங்கும்போது வரும் அடைப்பைவிட இது இன்னும் மோசமானது. காதடைப்பான்களும் வேண்டாம், அவற்றுக்கும் பறைக்கும் நடுவே சமன் செய்ய முடியாத இன்னொரு காற்றறை உருவாகும்.

வெளிக்காதின் தொல்லை வேறு. நாள்தோறும் நீரில் ஊறினால் காதைப் பாதுகாக்கும் மெழுகு கரைந்து, தோல் இளகி, பாக்டீரியா பெருகும். டைவுக்குப் பின் நல்ல தண்ணீரில் கழுவி உலரவிட்டால் பெரும்பாலும் போதும். பஞ்சுக்குச்சி தோலைக் கீறும்; தொடாதீர்கள். அசிட்டிக் அமிலச் சொட்டு மருந்து உதவும், ஆனால் பறை கிழிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் எதையும் ஊற்றக் கூடாது.

டைவுக்குப் பின் கேட்கும் திறன் குறைந்தாலோ, காதில் இரைச்சலோ தலைச்சுற்றலோ நீடித்தாலோ, அது உட்செவிக் காயமாகவோ அழுத்தக்குறைவு நோயாகவோ (மேலே வரும்போது அழுத்தம் குறைந்து உடலில் வாயுக் குமிழ்கள் உண்டாவது) இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. அன்றே டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு ஆழம் போனீர்கள், வலி இறங்கும்போது வந்ததா ஏறும்போது வந்ததா என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.