பிரம்ம கமலம் பூக்கவே இல்லையா? முதலில் தொட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள்

"ஆறு வருஷமாச்சு தம்பி, ஒரு மொட்டுகூட வரல, இது ஆண் செடியா இருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே ஓர் அம்மா தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நர்சரி வைத்திருக்கும் எனக்கு மழைக்காலம் வந்தாலே வாரம் ஒருவராவது இதே கேள்வியோடு வருவார்கள். பக்கத்து வீட்டில் பூத்துவிடும், நம் வீட்டில் பூக்காது, உடனே "நமக்கு ராசி இல்லை" என்று மனசு வாடிப்போகும். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைங்க.

முதலில் இது என்ன செடி என்று தெரிந்துகொள்வோம். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் பல ஆயிரம் அடி உயரத்தில் வளர்வது, உத்தரகண்டின் மாநிலப் பூ. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அது நம் ஊர் வெக்கைக்கு வராது. நாம் வீட்டில் வளர்ப்பது மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஒரு கள்ளி, டிராகன் பழச் செடிக்கு நெருங்கிய சொந்தம். எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம் என்பது அதன் தாவரவியல் பெயர். முள் இல்லாததால் கள்ளி என்று யாரும் நம்புவதில்லை. இலை என்று நாம் நினைப்பது இலையே இல்லை, தட்டையான தண்டு. அதன் ஓரத்தில் பல் பல்லாகப் பள்ளம் இருக்கும் பாருங்கள், மொட்டு அங்கிருந்துதான் வரும். ஆண் செடி, பெண் செடி என்றும் இதில் கிடையாது, ஒரே பூவுக்குள் மகரந்தமும் சூலகமும் இருக்கும்.

அந்த அம்மாவின் செடிக்கு வருவோம். தெய்வீகச் செடி என்று பூஜை அறையிலேயே வைத்திருந்தார். தண்டெல்லாம் வெளிறி, விரல் அகலத்துக்கு மெலிந்து, ஜன்னல் இருக்கும் பக்கமாகவே சாய்ந்திருந்தது. தொட்டிக்கு அடியில் தட்டு, தட்டில் எப்போதும் தண்ணீர். செடியை உருவிப் பார்த்தால் பாதி வேர் பழுப்பாகி, கையில் பட்டதும் தோல் கழன்று வந்தது, அழுகிய வாடை. போதாததற்கு மாதாமாதம் யூரியா வேறு. அவ்வளவு அன்பாகக் கவனித்திருக்கிறார், ஆனால் செடி கேட்டது வேறு.

அழுகிய வேரை வெட்டிவிட்டு, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, செம்மண், மணல், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, கொஞ்சம் மண்புழு உரம், ஒரு கைப்பிடி கரித்துண்டு கலந்து எட்டு அங்குலத் தொட்டியில் மாற்றி நட்டேன். பெரிய தொட்டி வேண்டாம். வேர் தொட்டியை நிறைத்து கொஞ்சம் நெருக்கடியில் இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும். பிறகு தொட்டியைக் கிழக்குப் பார்த்த பால்கனியில் வைக்கச் சொன்னேன். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டால் போதும், மதிய வெயில் நேராக விழுந்தால் தண்டு மஞ்சளாகிக் கருகும். மொட்டை மாடி மட்டும்தான் இருக்கிறது என்றால் நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம், ஓய்வு. மார்கழி, தை, மாசி இந்த மூன்று மாதமும் மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர், உரம் சுத்தமாக வேண்டாம். செடி லேசாகச் சுருங்கினால் பயப்படாதீர்கள். பங்குனியில் மறுபடி தண்ணீரைக் கூட்டி, மாதம் ஒரு தடவை ஒரு கரண்டி எலும்புத் தூளும் மரச்சாம்பலும் போடுங்கள். யூரியா தரும் தழைச்சத்து அதிகமானால் தண்டுதான் நீளும்.

இன்னொரு தப்பு, குச்சி மாதிரி உயரமாகப் போகும் உருண்டைத் தண்டை "அசிங்கமா இருக்கு" என்று வெட்டிவிடுவது. அதிலிருந்துதான் தட்டைத் தண்டுகள் பிரியும், அதை வெட்டினால் இரண்டு வருட உழைப்பு போச்சு. மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும்.

அந்த அம்மா வீட்டில் முதல் வருடம் ஒன்றும் வரவில்லை. அடுத்த ஆடியில் அரிசி அளவு சிவப்பாக ஒரு புள்ளி, போட்டோ எடுத்து அனுப்பினார். "தொட்டியை இம்மிகூட நகர்த்தாதீங்கம்மா" என்று உடனே போன் செய்தேன், மொட்டு வைத்த பிறகு இடம் மாற்றினாலோ மண்ணைக் காயவிட்டாலோ உதிர்ந்துவிடும். மூன்று நான்கு வாரம் மொட்டு தொங்கிக்கொண்டே பருக்கும், பிறகு கழுத்தை மேலே வளைத்து நிமிரும். சாயங்காலம் மொட்டு உப்பி நுனி லேசாகப் பிளந்திருந்தால் அன்று ராத்திரிதான், எட்டு ஒன்பது மணிக்குப் பிரியத் தொடங்கி நள்ளிரவில் முழுதாக விரிந்து, விடிவதற்குள் தளர்ந்துவிடும். அவர் வீட்டில் அன்று இரண்டு பூ, தெருவே வந்து பார்த்ததாம்.

பூத்த தண்டிலிருந்தே ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அந்த அம்மா இப்போது ஏழு தொட்டி போட்டு வைத்திருக்கிறார், கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க.