ஒக்டோபர் 30: தாளைச் சரிபார்த்து வாசியுங்கள்

இந்தத் தவணையில் மட்டும் திகதி பிழையாக வாசிக்கப்படுவது இது மூன்றாவது தடவை. காலைக் கூட்டத்தில் வரலாற்றில் ‘இன்றைய நாள்’ தாளை வாசித்த பிள்ளை, “2014 ஒக்டோபர் 30, கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு” என்றாள். அங்கிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, “நேத்துத்தானே டீச்சர், அம்மாச்சிக்குப் படையல் வச்சோம்” என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

மண்சரிவு நடந்தது 29ஆம் திகதி காலை. மறுநாள் பத்திரிகையின் திகதியைப் பார்த்து யாரோ எழுதியிருக்க வேண்டும். அது வாட்ஸ்அப்பில் வந்தது, பிள்ளை அப்படியே கொப்பியில் இறக்கிவிட்டாள். பார்த்துக் கொடுக்காதது எங்கள் பிழை.

அதே தாளில் மரடோனா பிறந்தது (1960) இருந்தது. 1964இல் அதே நாளில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இல்லை. மலையகத்துப் பள்ளிக்கூடத்தில்! இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து, இந்திய வம்சாவளி மக்கள் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்ட நாள் அது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள்.

ஒப்பந்தத்தை எதிர்த்த மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1999இல் காலமானதும் ஒக்டோபர் 30தான். உடனே ‘விதி’ என்கிறார்கள், படித்தவர்கள்கூட. ஒரு விதியும் இல்லை. ஆண்டுக்கு இருப்பதே 365 நாள், மிஞ்சிப்போனால் 366. உலகத்தில் நடந்த எல்லாம் அதற்குள்தான் விழ வேண்டும். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே, இருவருக்காவது ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல். என் தரம் 9 இடாப்பில் 38 பேர், அதில் இரண்டு சோடி இருக்கிறது. அந்த நாலு பேருக்குள் என்ன விதியைக் கண்டோம்? முத்துராமலிங்கத் தேவர் பிறந்ததும் (1908) இறந்ததும் (1963) இதே திகதி. கேட்க வியப்புத்தான், அவ்வளவுதான். 1964 ஏன் வந்தது என்று தெரிய வேண்டுமா, இந்த மக்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைப் படியுங்கள்.

சரி, வாசிக்கும் பிள்ளைகளுக்கு. ஆண்டு இல்லாத வரியை எழுதாதீர்கள். பத்திரிகைச் செய்தி என்றால் சம்பவம் எப்போது நடந்தது என்று உள்ளே படியுங்கள். இரண்டு புத்தகம் ஒத்துப்போகாவிட்டால் அந்த வரியை வெட்டுங்கள். தாள் முதல் நாளே என் மேசைக்கு வர வேண்டும்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போனவர்கள் கப்பலேறப் போன தலைமன்னார் கோச்சியில் (ரயிலில்) உங்கள் வீட்டிலிருந்து யார் போனார்கள் என்று பாட்டியிடம் கேட்டு வாருங்கள். திகதி மறந்திருக்கும். அன்றைக்கு மழை பெய்ததா, லயத்து வாசலில் யார் நின்றார்கள் என்று சொல்வார். அதை அவர் சொன்னபடியே எழுதி வாருங்கள்.