காருக்குக் கூலிங் ஷீட்: சட்டம் பார்ப்பது வெளிச்சம், நமக்கு வேண்டியது குளிர்ச்சி

சித்திரை வெயிலில் நின்ற காருக்குள் ஏறி, சூட்டில் ஸ்டீயரிங்கைத் தொட முடியாமல் தவித்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது: கூலிங் ஷீட் ஒட்டலாமா, அபராதம் போடுவார்களா?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகள் வழியே 50 சதவீதமும் ஊடுருவ வேண்டும். கறுப்புக் கண்ணாடி கார்களில் நடக்கும் குற்றங்களைச் சுட்டிக்காட்டிய ஒரு வழக்கில், 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எந்த சதவீத ஷீட்டும் ஒட்டக்கூடாது என்றது. 2021 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தம், கண்ணாடியுடன் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த வகைக்கும் விதியில் இடம் கொடுத்தது. இதை வைத்து, அந்த 70, 50 அளவுக்குக் குறையாமல் வெளிச்சம் விடும் ஷீட் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கேரளத்துக்கு வெளியே பல இடங்களில் இன்னமும் 2012 தீர்ப்பைக் காட்டித்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவுப்படி முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய் வரை அபராதம்.

பலர் ஏமாறுவது கணக்கில். ஷீட்டை மட்டும் தனியாக அளப்பதில்லை, கண்ணாடியையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். கம்பெனி கண்ணாடியே 75 சதவீதம்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் 70 சதவீத வெளிச்சம் விடும் ஷீட் ஒட்டினால் மிஞ்சுவது 52.5, தப்பித்தீர்கள். அதே வண்டியின் முன் கண்ணாடியில் 90 சதவீத ஷீட் ஒட்டினாலும் 67.5-தான் வரும். அது விதிமீறல்.

சரி, கறுப்பாக இருந்தால்தானே சூடு குறையும்? அப்படியில்லை. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெறும் சாயம் பூசிய மலிவான கறுப்பு ஷீட் வெளிச்சத்தை மறைக்கும். ஆனால் அகச்சிவப்பில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உறிஞ்சிய சூட்டிலும் ஒரு பங்கை உள்பக்கமாகவே கக்கும். செராமிக் ஷீட் பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே அகச்சிவப்பைத் தடுக்கும். விலை கூடுதல்தான், ஆனால் விதிக்குள் நின்று குளிர்ச்சி தருவது அதுதான்.

கடையில் சூட்டு விளக்கின் முன் கையை நீட்டச் சொல்லி, "97 சதவீதம் தடுக்கிறது பாருங்கள்" என்பார்கள். அது அகச்சிவப்புக்கு மட்டுமான எண். மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கிறது என்று கேளுங்கள், அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று. எந்த ஷீட்டும் நிறுத்திய காரில் சூடேறுவதைத் தாமதப்படுத்துமே ஒழிய நிறுத்தாது. உள்ளே போன வெயில் டாஷ்போர்டையும் சீட்டையும் சுட வைக்கிறது. அவை வெளியிடும் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வெளியேற முடிவதில்லை. நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு வெள்ளி நிற மடக்குத் திரை வையுங்கள், ஓட்டும்முன் எடுத்துவிடுங்கள். ஷீட் இருக்கிறதே என்று குழந்தையை ஐந்து நிமிடம்கூட உள்ளே விட்டுப் போகாதீர்கள்.