நாக்கிங்: இடிப்பா, அடிப்பா?

சத்துவாச்சாரியிலிருந்து வாலாஜா வரை நெடுஞ்சாலையோரம் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும் எஞ்சின் சத்தம் ஒன்றைக் குறிக்கும் 'நாக்கிங்' என்ற சொல் காதில் விழும். "நாக்கிங் வருதுணா" என்பார் வண்டிக்காரர். அனுபவமுள்ள மெக்கானிக் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். "எப்டி வருது? கிணுகிணுன்னா, டொக்கு டொக்குன்னா?" என்று கேட்பார். காரணம் இருக்கிறது. அந்த ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பெட்ரோல் எரிய வேண்டிய விதத்தில் எரியாததால் வருவது. மற்றது, இரும்பு இரும்பில் மோதுவதால் வருவது. முன்னது பல நேரம் ஒரு திருப்புத் திருப்பினால் சரியாகிவிடும். பின்னது என்றால் எஞ்சினை இறக்க வேண்டிவரும். இரண்டையும் தமிழில் எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதே இங்கே கேள்வி.

'நாக்' பழைய ஆங்கிலச் சொல். கதவைத் தட்டும் ஓசையைப் போலச் செய்து பிறந்தது. எஞ்சினின் இதே சத்தத்தை ஜெர்மானியர் 'க்ளோப்ஃபென்' என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் 'க்ளிக்தி' என்கிறார்கள், பிரிட்டனில் 'பிங்க்கிங்' என்பதும் உண்டு. எல்லாமே காதில் விழுந்ததை வாயால் திருப்பிச் சொன்ன ஒலிக்குறிப்புகள்தாம். ஆக, மேனாட்டார் காரணத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. சத்தத்தைக் கேட்டு வைத்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் 1912 காடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டரும் பேட்டரி இக்னிஷனும் (பேட்டரியால் பொறி மூட்டும் அமைப்பு) வந்தபோது, எஞ்சினில் கேட்ட சத்தத்துக்குப் பேட்டரி இக்னிஷனே காரணம் என்று அதை வடிவமைத்த சார்லஸ் கெட்டரிங் மீது பழி விழுந்தது. அவரிடம் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, குற்றவாளி இக்னிஷன் அல்ல, எரிபொருளே என்ற முடிவுக்கு வந்து மருந்து தேடினார். 1921 டிசம்பர் 9 அன்று கிடைத்த மருந்து ஈயச் சேர்மம். சத்தம் அடங்கியது, காற்றில் ஈயம் ஏறியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் ஒழிந்தது. இடையில் 1926இல் கிரஹாம் எட்கர் கொண்டுவந்த ஆக்டேன் அளவுகோல், எந்தப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதை எண்ணால் சொல்ல வழி செய்தது.

உள்ளே நடப்பது இதுதான். ப்ளக்கில் பொறி விழுந்ததும் சுடர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்குள், கோடியில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால், ஓர் அழுத்த அலை கிளம்பி சிலிண்டர் சுவர்களுக்கு இடையில் முட்டி முட்டி அதிரும். சாதாரண கார் சிலிண்டரில் இந்த அதிர்வு நொடிக்கு 6000 முதல் 8000 வரை. அதனால்தான் அது கனத்த ஒலியாக இல்லாமல், டப்பாவில் சில்லறையைக் குலுக்கியதுபோல் கேட்கிறது. வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் குடும்பத்தோடு ஏலகிரி ஏறுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைக்க மனமில்லாமல் ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்தினால், நல்ல எஞ்சின்கூட இந்தக் கிணுகிணுப்பைக் காட்டிவிடும்.

காட்பாடியில் என் மைத்துனரிடம் கார்ப்பரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தானே கழற்றித் துடைத்து, அடையாளம் எதுவும் போட்டு வைக்காமல், கண்ணளவில் திரும்ப மாட்டிவிட்டார். நின்றபடி ஓடும்போது வண்டி வெண்ணெய். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது மட்டும் கிணுகிணு. யாரோ 'பேரிங் போச்சு' என்று பயமுறுத்திவிட்டார்கள். ஆற்காடு சாலையில் ஒரு வயதான பாய் எஞ்சினைத் தொடக்கூட இல்லை. "கடைசியா இன்னாத்த கழட்டின நைனா?" என்று கேட்டுவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினார். அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவது. அங்கே ஐந்து பாகை முன்னால் தவறினால் கிராங்கில் பத்துப் பாகை முன்கூட்டியே பொறி விழும், அழுத்தம் ஏறிக் கிணுகிணுக்கும். கண்ணளவு அதற்குப் போதாது. பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வேண்டும்.

அந்தப் 'பேரிங் போச்சு' முற்றிலும் வேறு கதை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை, பட்டறைப் பேச்சில் 'பிக் எண்டு', கிராங்கின் மேல் எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி சுற்றுகிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் படலம் கிழியும், பேரிங் தேயும், ஒவ்வொரு சுற்றுக்கும் ராடு கிராங்கில் போய் அறையும். டொக்கு டொக்கு. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றித் தாமே மாட்டுகிறவர்கள் இதை வரவழைத்துக்கொள்வது எளிது. ஒழுகக்கூடாது என்று கேஸ்கெட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து எண்ணெய் வடிகட்டும் சல்லடையான ஸ்ட்ரெயினரில் போய் அடைக்கும். ஆயில் விளக்கு எரிந்தும் வண்டியை ஓட்டுவது தற்கொலை.

எந்த சிலிண்டர் என்று பார்க்க, ஒவ்வொரு ப்ளக்காக ஒயரைக் கழற்றி எர்த்தில் வைத்து ஓடவிடுவார்கள். ஒன்றைக் கழற்றும்போது டொக்கு குறைந்தால் அந்த சிலிண்டரின் ராடுதான். பழைய வண்டிக்கு இது சரி. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதிக நேரம் செய்தால் எரியாத பெட்ரோல் போய் அதைக் கெடுத்துவிடும். கிளட்ச் மாற்றிய கையோடு சத்தம் வந்தால், கிளட்ச் பொருந்தும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்.

இனி தமிழ்ச் சொல். தட்டு, கொட்டு, அடி, இடி என்று நமக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'நாக்' என்றால் தட்டு என்று அகராதியைப் பார்த்து 'எஞ்சின் தட்டல்' என எழுதினால், ஆங்கிலத்தில் உள்ள குழப்பம் அப்படியே தமிழுக்கு வந்துவிடும். எரிதலால் வருவதற்கு 'இடிப்பு' என்பதே என் தேர்வு. உரலில் இடிப்பது, தோளில் இடிப்பது, "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்" என்று குறள் சொல்லும் கடிந்துரைப்பது என இச்சொல்லுக்குப் பொருள் பல. ஆனால் வானத்து இடிதான் இங்கே பொருந்துகிறது. மின்னல் பாய்ந்த பாதையில் காற்று நொடிப்பொழுதில் கொதித்து விரிவதால் எழும் அழுத்த அலையே இடி. சிலிண்டருக்குள் நடப்பதும் திடீர் வெப்பம் கிளப்பும் அழுத்த அலைதான். பொருளும் காரணமும் ஒன்றாக அமையும் சொல் அடிக்கடி கிடைப்பதில்லை.

இரும்பு மோதும் சத்தத்துக்குப் பட்டறையில் ஏற்கனவே சொல் இருக்கிறது: 'பிக் எண்டு அடிக்குது'. அதையே 'அடிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி அதிகமாகி மேலே டிக் டிக் என்பது கிராங்கின் பாதி வேகத்தில் வரும் மெல்லிய ஒலி. 'தட்டல்' அதற்குப் போதும். பொறி விழும் முன்பே கரித்துகளின் சூட்டில் கலவை பற்றுவதையும் சிலர் நாக்கிங் என்றே சொல்கிறார்கள். அது 'முன்பற்றல்'. இடிப்பையும் கூட்டி வரும், ஆனால் அதுவே இடிப்பு அல்ல.

இடிப்பு என்று வைத்துக்கொண்டால் பிற சொற்கள் தாமாக வருகின்றன. பெட்ரோலில் சேர்ப்பது இடிப்புத் தடுப்பி. புதிய கார்களில் எஞ்சின் பிளாக்கில் திருகி வைத்திருக்கும் நாக் சென்சார், இடிப்பு உணரி. அந்த அதிர்வைக் கேட்டதும் கணினி பொறியைப் பின்தள்ளிவிடும். அதைக் கழற்றி மாட்டுகிறவர்கள் சொன்ன அளவு இறுக்கத்துக்கு மேல் முறுக்கக்கூடாது, அடியில் வாஷர் போடக்கூடாது. செய்தால் அதன் காது மந்தமாகிவிடும்.

டீசலுக்கு மட்டும் ஓர் அடைமொழி தேவை. பெட்ரோலில் கலவை முந்திக்கொண்டு பற்றுவதால் இடிக்கிறது. டீசலிலோ தெளித்த எரிபொருள் பற்றத் தாமதமாகி, சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாக எரிவதால் இடிக்கிறது. மார்கழிக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று கேட்டு, சூடேறியதும் அடங்குவது இதுதான். இதை 'டீசல் இடிப்பு' என்றே எழுத வேண்டும். பெட்ரோல் காருக்குச் சொன்ன மருந்தை இதற்குக் கொடுத்தால் வேலை செய்யாது. இங்கே பார்க்க வேண்டியது ஆக்டேனை அல்ல, டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று காட்டும் சீட்டேனை.