ட்ரிகர்: தூண்டலா, விடுபொறியா?

“சார், இந்தப் படத்துல சுருள் எங்க இருக்கு?”

கேட்டவள் பாலிடெக்னிக் மாணவி. பிளஸ் டூ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள். கையில் ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய வால்வு காலத்துத் தொலைபேசிக் கருவிகளைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புப் பாடம். தலைப்பு: ‘துடிப்புக் குறிமுறைப் பண்பேற்றத்துக்கான வெற்றிடக் குழாய்த் தூண்டல் சுற்றுகள்’. படத்தில் இரண்டு ட்ரையோடு வால்வுகள், ஆறேழு மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள். சுருள் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ‘மின்காந்தத் தூண்டல்’ என்று ஒரு பாடமே படித்துத் தேறியவள் அவள். தூண்டல் என்றால் அவளுக்குச் சுருள், காந்தப்புலம், ஃபாரடே. பென்சிலால் ஒவ்வொரு கோடாகத் தடவித் தடவிச் சுருளைத் தேடியிருக்கிறாள். அந்தப் பென்சில் தடம் படம் முழுக்க இருந்தது.

மூலத்தில் இருந்த சொல் ட்ரிகர். ட்ரிகர் சர்க்யூட்டைத் தூண்டல் சுற்று என்று எழுதுவதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பாடநூலில், கலைச்சொல் பட்டியலில், இப்போது கணினி செய்து தரும் மொழிபெயர்ப்பிலும் அதேதான். அந்தப் பென்சில் தடத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டச்சு மொழியில் ட்ரெக்கன் என்றால் இழுத்தல், அதிலிருந்து பிறந்தது ட்ரெக்கர். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது ட்ரிக்கர் ஆகி, பிறகு ட்ரிகர் ஆனது. துப்பாக்கியில் விரலால் இழுக்கும் நாக்கு அது. மின்னணுவியலில் அந்தச் சொல்லைத் தொடக்க காலத்திலேயே கையாண்டவர்கள் இங்கிலாந்தின் வில்லியம் எக்கிள்ஸ், ஃபிராங்க் ஜோர்டன் இருவரும். 1918-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1919-இல் கட்டுரையாக வெளியிட்ட தங்கள் சுற்றுக்கு அவர்கள் ‘ட்ரிகர் ரிலே’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சுற்று என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் சொல் தானாகவே பிடிபடும். இரண்டு ட்ரையோடுகள், அதாவது மூன்று மின்முனை வால்வுகள். மின்னோட்டம் போய்ச் சேரும் தகடு ஆனோடு, அந்த ஓட்டத்தைத் திறந்து அடைக்கும் வலை கிரிட். முதலாவதன் ஆனோடிலிருந்து ஒரு மின்தடை வழியாக இரண்டாவதன் கிரிட்டுக்கு இணைப்பு. இரண்டாவதன் ஆனோடிலிருந்து அதேபோல் முதலாவதன் கிரிட்டுக்கு. முதல் வால்வில் மின்னோட்டம் பாய்ந்தால் அதன் ஆனோடு மின்னழுத்தம் இறங்கும். அது இரண்டாவதன் கிரிட்டைக் கீழே இழுத்து அந்த வால்வை அடைத்துவிடும். அடைபட்ட வால்வின் ஆனோடு உயரத்திலேயே நிற்பதால் முதலாவதன் கிரிட்டும் கீழே இறங்காமல் தாங்கப்படும். ஆக, ஒன்று ஓட, மற்றது அடைந்து கிடக்கும். யாரும் தொடாதவரை இதே நிலைதான். இப்போது ஓடுகிற வால்வின் கிரிட்டில் ஒரு சிறிய எதிர்த் துடிப்பைக் கொடுங்கள். அதில் ஓட்டம் கொஞ்சம் குறையும், ஆனோடு கொஞ்சம் உயரும், மற்றதன் கிரிட் உயரும், அது திறக்கத் தொடங்கும், அதன் ஆனோடு இறங்கி முதலாவதை இன்னும் அடைக்கும். ஒன்றை ஒன்று விரட்டிக் கண்ணிமைப்பதற்குள் நிலை தலைகீழாகிவிடும். துடிப்பு போன பின்னும் புதிய நிலை அப்படியே நிற்கும்.

கொடுத்த துடிப்பு போதாது என்றால் எதுவுமே நடக்காது. போதும் என்றால் முழுதாக நடக்கும். இரண்டு மடங்கு கொடுத்தாலும் அதே அளவுதான் நடக்கும். நடப்பதற்கான ஆற்றலும் அந்தத் துடிப்பிலிருந்து வருவதில்லை, மின்வழங்கியிலிருந்து வருகிறது. ட்ரிகர் என்ற சொல்லுக்குள் இருப்பது இதுதான்.

இனி தூண்டலுக்கு வருகிறேன். தூண்டு என்பது நல்ல தமிழ், பழைய தமிழ். அகல் விளக்கில் திரியை நெம்பி முன்னே தள்ளும் சிறு குச்சிக்குத் தூண்டுகோல் என்று பெயர். திரியைக் கொஞ்சம் தூண்டினால் சுடர் கொஞ்சம் வளரும். இன்னும் தூண்டினால் இன்னும் வளரும். விட்டுவிட்டால் எண்ணெய் வற்றித் திரி கருகித் தானே குறையும். கையின் அளவுக்கு ஏற்பச் சுடரின் அளவு. இது பெருக்கியின் குணம், ட்ரிகரின் குணத்துக்கு நேர் எதிர். விளக்குத் தூண்டிய அனுபவம் உள்ள யாரும் இந்தச் சுற்றுக்கு அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய இடைஞ்சல், மின்னியலில் அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தூண்டல், மின்தூண்டி, தன் தூண்டல், பரிமாற்றுத் தூண்டல் என்று ஒரு குடும்பமே அமைந்து, இரண்டு மூன்று தலைமுறை மாணவர்கள் படித்தாகிவிட்டது. அதே துறையில், அதே மாணவருக்கு, அதே சொல்லை வேறு பொருளில் கொடுப்பது அநியாயம். வேறு துறை என்றால் பரவாயில்லை. ஆஸ்துமாவைத் தூண்டும் பொருள்கள் என்று மருத்துவர் சொன்னால் எனக்கு ஒரு குறையும் இல்லை. தூசி கூடினால் இழுப்பும் கூடலாம், அங்கே தூண்டுதல் பொருந்துகிறது.

உயிரியலில் நரம்புக்குக் கொடுக்கும் உந்துதலைத் தூண்டல் என்கிறோமே, ட்ரிகர் சுற்றும் நரம்பு போலத்தானே என்று ஒரு நண்பர் வாதாடினார். வாதம் வலுவானது, ஏனென்றால் உறவு உண்மையானது. 1934-இல் ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்க மாணவர் கணவாயின் நரம்பில் துடிப்பு எப்படிப் பரவுகிறது என்று ஆராயும்போதுதான் இன்று அவர் பெயரால் வழங்கும் ஷ்மிட் ட்ரிகரை அமைத்தார். 1938-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, வால்வில் அமைந்ததால் வெப்ப அயனி ட்ரிகர் என்றே தலைப்பிட்டார். ஆனால் நரம்பில் தூண்டல் எது? வெளியிலிருந்து கொடுப்பது தூண்டல். வரம்பைத் தாண்டியதும் முழு வீச்சில் துடிப்பை விடுவது நரம்பு. சுற்றில் அந்த நரம்பின் இடத்தில் இருப்பதுதான் ட்ரிகர். கொடுப்பதன் பெயரை வாங்குவதற்கு வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

துடிப்புக் குறிமுறைப் பண்பேற்றத்தில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமாக வெட்டும். 1937-இல் பாரிஸில் ஐடிடி என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஆங்கிலேயர் அலெக் ரீவ்ஸ் இதைக் கண்டுபிடித்ததே ஒரு குறையைத் தீர்க்கத்தான். தொலைதூரக் கம்பியில் குரல் தேயும். வழியில் பெருக்கி வைத்தால் குரலோடு இரைச்சலும் பெருகும். அடுத்த பெருக்கி அதையும் சேர்த்துப் பெருக்கும். குரலை எண்ணாக்கி, எண்ணைத் துடிப்பு உண்டு, துடிப்பு இல்லை என்ற இரண்டே அடையாளமாக்கி அனுப்பிவிட்டால், வழியில் இருக்கும் கருவி ஒன்றை மட்டும் தீர்மானித்தால் போதும்: இந்த நொடித்துளியில் வந்தது வரம்புக்கு மேலா, கீழா? மேல் என்றால் நசுங்கி வந்த துடிப்பைத் தள்ளிவிட்டுப் புதிதாக, முழுதாக ஒரு துடிப்பை விடும். கீழ் என்றால் ஒன்றும் விடாது. இரைச்சல் அங்கேயே நின்றுவிடும். இந்தத் தீர்ப்பைச் சொல்வது ட்ரிகர் வகைச் சுற்று. அளவுக்கு அளவு பதில் தரும் தூண்டலாக அது இருந்திருந்தால், வந்த இரைச்சலை அப்படியே அடுத்த ஊருக்கு அனுப்பியிருக்கும்.

எண்ணும் வேலையும் ட்ரிகர் சுற்றுக்குத்தான். பின்னாளில் நிலைபெற்ற கணக்குப்படி குரலை நொடிக்கு 8,000 முறை அளக்க வேண்டும். ஒவ்வொரு அளவும் 256 படிகளில் ஒன்று, அதாவது 8 இரும இலக்கம். அளந்த உயரத்தை அதற்கேற்ற நீளமுள்ள துடிப்பாக்கி, அந்த நீளம் முடியும்வரை வேகமான சிறு துடிப்புகளை எண்ணுவது ஒரு வழி. எண்ணுவதற்கு எக்கிள்ஸ்-ஜோர்டன் சுற்றுகள் எட்டை வரிசையாகக் கோத்தால் போதும். ஒவ்வொன்றும் இரண்டு துடிப்பு வாங்கி ஒன்றை அடுத்ததற்குக் கடத்தும். 8,000-ஐ 256-ஆல் பெருக்கினால் நொடிக்கு 20,48,000 துடிப்பு. ஒரே ஓர் உரையாடலை எண்ணுவதற்கு மட்டும் 16 ட்ரையோடுகள், 6எஸ்என்7 போன்ற இரட்டை ட்ரையோடாக வாங்கினாலும் 8 கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் செந்தணலாக எரியும் இழை. ரீவ்ஸின் யோசனை ட்ரான்சிஸ்டருக்காகக் காத்திருந்ததும் அமெரிக்காவின் பெல் நிறுவனத்தின் டி1 என்ற தொலைபேசி அமைப்பு 24 உரையாடல்களைச் சுமந்துகொண்டு 1962-இல் சேவைக்கு வந்ததும் இதனால்தான்.

சரி, தூண்டல் வேண்டாம் என்றால் வேறு எது? விசைவில் என்கிறார்கள் சிலர். துப்பாக்கிக்குச் சரி. ஆனால் இயற்பியலில் விசை நியூட்டனில் அளக்கப்படுவது, கணினியில் விசை தட்டச்சுப் பொத்தான். முடுக்கு நல்ல வினை, அதை முடுக்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. எழுவிழு என்று ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அழகாகவே இருக்கிறது. ஆனால் அது இரண்டு நிலையிலும் நிற்கக்கூடிய ஃபிளிப்-ஃபிளாப்புக்குத்தான் பொருந்தும், ஒரு துடிப்பு விட்டுவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும் சுற்றுக்குப் பொருந்தாது. ஜெர்மானியர்கள் துப்பாக்கியை விட்டுவிட்டு, கவிழ்வது என்று பொருள்படும் கிப்பன் என்ற வினையிலிருந்து பெயர் எடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஏறி இறங்கும் சீசாப் பலகை என்ற பொருளில் பாஸ்க்யூல் என்றார்கள். இரண்டு பேருமே சுற்று செய்யும் காரியத்தைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் கண்ணுக்கு அந்தக் காரியம் புதிதா? எலிப்பொறியைப் பாருங்கள். கம்பியை இழுத்து மாட்டி, கொக்கியில் மசால்வடைத் துண்டைக் குத்தி வைக்கிறோம். எலி மோந்து பார்த்தால் ஒன்றும் ஆகாது. ஒரு இழுப்பு இழுத்தால் கதவு முழு வேகத்தில் விழும். சின்ன எலி இழுத்தாலும் பெருச்சாளி இழுத்தாலும் விழும் வேகம் ஒன்றே, ஏனென்றால் அந்த வேகம் நாம் முன்பே கம்பியில் ஏற்றி வைத்தது. விழுந்த பின் நாம் போய்த் திருப்பி மாட்டும்வரை விழுந்தபடியே இருக்கும். எக்கிள்ஸ்-ஜோர்டன் சுற்றின் நடத்தையும் இதேதான். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலின் கருவிகளைச் சொல்லும்போது முதலில் வருவது வளைவிற் பொறி. வளைந்து தானே எய்யும் எந்திர வில் என்று உரை சொல்கிறது. பொறி என்ற சொல்லுக்குள் இந்த நுட்பம் அன்றே இருந்திருக்கிறது.

பொறி என்று மட்டும் வைத்தால் தீப்பொறியும் பொறியியலும் குறுக்கே வரும். அதனால் நான் விடுபொறி என்று எழுதுகிறேன். ஏவுகணை, ஊறுகாய் போல வினைத்தொகை. ஏற்றி வைத்ததை விடுகிற பொறி. ஷ்மிட் விடுபொறி, ஒருநிலை விடுபொறி, ஈர்நிலை விடுபொறி என்று இடறாமல் கிளைக்கிறது. வினையாக வேண்டும்போது தட்டிவிடு. ‘இந்தத் துடிப்பு சுற்றைத் தட்டிவிடுகிறது’ என்றால் பட்டறையில் சோல்டரிங் செய்கிற பையனுக்கும் புரியும். உள்ளே அனுப்பும் துடிப்பு, தட்டுத் துடிப்பு.

தலைப்பில் இருந்த மற்ற சொற்களில் துடிப்பும் குறிமுறையும் பண்பேற்றமும் அருமையானவை, யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. வெற்றிடக் குழாய்தான் உறுத்துகிறது. குழாய் என்றால் தண்ணீர் வர வேண்டும். வால்வு ரேடியோ என்றுதான் நம் வீடுகளில் சொன்னார்கள். ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் என்பதால் ஃபிளெமிங் 1904-இல் தன் டையோடுக்கு வைத்த பெயர் அது. ஊர் ஏற்றுக்கொண்ட சொல் இருக்க அதைத் தள்ளிவிட்டு நீர்க்குழாயைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குத் தூய தமிழ் என்று பெயர் சொல்லாதீர்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இதில்தான். அகராதியைத் திறந்து முதல் வரியில் இருக்கும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். சுற்றுப்படத்தை ஒருமுறை பார்த்திருந்தால், அதில் சுருள் இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். கலைச்சொல்லைத் துறைப் பட்டியலோடு ஒப்பிட்டு, இது ஏற்கெனவே வேறு எதற்காவது வழங்குகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தை இவர்கள் மிச்சம் பிடிப்பதால் ஒரு மாணவிக்கு ஒரு மாலை முழுக்கப் போகிறது, பாடம் தனக்குப் புரியாது என்ற நினைப்பும் வருகிறது.

அவளுடைய பிரதியில் ‘தூண்டல்’ வந்த இடமெல்லாம் அடித்து விடுபொறி என்று எழுதினேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ட்ரிகர் என்றும் சேர்த்து. தலைப்பு ‘துடிப்புக் குறிமுறைப் பண்பேற்றத்துக்கான வால்வு விடுபொறிச் சுற்றுகள்’ ஆனது. அவள் படத்தை மறுபடி எடுத்து, முதல் ஆனோடிலிருந்து இரண்டாவது கிரிட்டுக்கும், இரண்டாவது ஆனோடிலிருந்து முதல் கிரிட்டுக்கும் போகும் இரண்டு கோடுகளைச் சிவப்பில் வரைந்தாள். “இது ரெண்டும்தான் சார் கொக்கி” என்றாள்.